கத்தியும் சிலுவையும்: பழைய திகில் படங்களைக் காட்சி காட்சியாகப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய திகில் படம் எதையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இரண்டு வகைப் பொருள்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சிலுவை, தீர்த்தம், மெழுகுவர்த்தி, கல்லறை, கோயில் மணி எல்லாம் ஒரு பக்கம். ஆபரேஷன் மேசை, வெள்ளைக் கவுன், ஊசி, கண்ணாடிக் குடுவை, மனநோய் விடுதி எல்லாம் இன்னொரு பக்கம். ‘அறிவியலுக்கும் மதத்துக்கும் சண்டை, கடைசியில் மதம் ஜெயிக்கிறது’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடும் விமர்சனங்கள் ஏராளம். அந்த வரியை நம்பிப் படம் பார்த்தால் நல்ல காட்சிகள் அத்தனையும் கைநழுவிப் போகும். இந்தப் படங்களில் இரண்டு தரப்பும் அடிக்கடி இடம் மாறிக்கொள்கின்றன. மருத்துவர் குருவானவரின் சைகையைச் செய்வார். குருவானவர் மருத்துவரின் சோதனையைச் செய்வார். அந்த இடமாற்றத்தைக் கண்டுபிடிக்கும் முறைதான் இங்கே சொல்லப்படுகிறது.

பயிற்சிக்கு ஏழு படங்கள் போதும்: ‘நோஸ்ஃபெராட்டு’ (1922), ‘ஹேக்ஸன்’ (1922), ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1931), ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ (1935), ஹேமர் நிறுவனத்தின் ‘டிராகுலா’ (1958), ‘ஐஸ் வித்தவுட் எ ஃபேஸ்’ (1960), ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973). இதே வரிசையில் பாருங்கள். எக்ஸார்சிஸ்டை முதலில் பார்த்தால், மற்றதெல்லாம் அதற்கு முன்னோட்டம் போலத் தெரியத் தொடங்கிவிடும்.

படி 1: எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

இதை அலட்சியம் செய்துவிட்டு எழுதப்படும் கட்டுரைகளில் இல்லாத காட்சிக்கு விளக்கமும், இருக்கும் காட்சிக்கு மௌனமும் வந்து சேரும்.

‘நோஸ்ஃபெராட்டு’ வெளியானபோது அதன் பிரதிகளுக்கு நிறச்சாயம் ஏற்றியிருந்தார்கள். இரவு என்றால் நீலம், பகல் என்றால் மஞ்சள். அந்தக் காலத்தில் இரவுக் காட்சிகளையும் பகல் வெளிச்சத்தில்தான் எடுத்தார்கள். இரவு என்று சொல்லும் பொறுப்பு அந்த நீலத்துக்கு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சாயமில்லாத பிரதியைப் பார்த்துவிட்டு, ‘சூரிய ஒளியில் சாகும் ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறதே’ என்று கேலி செய்பவர்கள் உண்டு. தவறு படத்துடையது இல்லை, பிரதியுடையது. ஒளிதான் இந்தப் படத்தில் மருந்து, ஒளிதான் தெய்வம். அதனால் சாயம் உள்ள புதுப்பிக்கப்பட்ட பிரதியையே தேடுங்கள்.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பிரதியில் பார்க்க வேண்டியது ஒரே வசனம். சவங்களின் பகுதிகளைச் சேர்த்து ஒரு உடலை உருவாக்கிய ஆய்வாளன் ஹென்றி ஃபிராங்கன்ஸ்டைன், அந்த உடல் அசைந்ததும், ‘கடவுளாக இருந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது’ என்று கத்துவான். பின்னால் வந்த மறுவெளியீட்டில் அந்த வசனத்தை இடிச்சத்தத்தால் மூடிவிட்டார்கள். அவன் உயிரூட்டிய அந்த உருவம் ஒரு சிறுமியை ஏரியில் எறியும் பகுதியும் வெட்டுப்பட்டது. இரண்டையும் 1980களில்தான் திரும்பச் சேர்த்தார்கள். உங்கள் பிரதியில் அந்த இடத்தில் இடி மட்டும் கேட்டால் வேறு பிரதி தேடுங்கள்.

ஹேமர் ‘டிராகுலா’வின் முடிவுக் காட்சி பல காலம் வெட்டுப்பட்ட நிலையிலேயே ஓடியது. ஜப்பானில் பாதுகாக்கப்பட்டிருந்த சுருள்கள் 2011-ல் கிடைத்தபின், டிராகுலா உருக்குலையும் காட்சி 2012-ல் முழுமையாகச் சேர்க்கப்பட்டது. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: 1973-ன் 122 நிமிடப் படம், 2000-ல் வந்த 132 நிமிடப் படம். நம் வேலைக்கு இந்த வித்தியாசம் முக்கியம். பேய் பிடித்த சிறுமியை முதல் தடவை மருத்துவரிடம் அழைத்துப் போகும் காட்சி நீண்ட வடிவத்தில்தான் இருக்கிறது. அது இல்லாதபோது மருத்துவம் திடீரென்று நடுவில் நுழைவது போலத் தோன்றும். இருக்கும்போது படிப்படியாகத் தோற்பது தெரியும். எதைப் பார்த்தீர்கள் என்பதைக் குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

படி 2: குறிப்பேட்டில் ஐந்து பத்தி

முதல் தடவை பேனாவைத் தொடாமல் படத்தை முழுதாகப் பாருங்கள். பயம் எங்கே வருகிறது என்பது முதல் பார்வையில்தான் தெரியும். இரண்டாவதில் அது வராது.

இரண்டாம் பார்வைக்கு ஒரு நீளக் குறிப்பேட்டைப் பக்கவாட்டில் திருப்பி ஐந்து பத்தி போடுங்கள்: நேரம், பொருள், சைகை, யார் கை, ஒலி. ஒரு படத்துக்கு 15 முதல் 20 வரிகள் போதும். அதற்கு மேல் போனால் வெறும் பட்டியல்தான் மிஞ்சும். ஒவ்வொரு வரிக்கும் மூன்று நிலைப்படம் எடுத்து வையுங்கள்: காட்சி தொடங்கும் சட்டகம், கை பொருளைத் தொடும் சட்டகம், காட்சி முடியும் சட்டகம். நடுவில் உள்ள அந்தக் ‘கை’ சட்டகம்தான் பெரும்பாலும் விடை சொல்லும்.

‘பொருள்’, ‘சைகை’ இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிடாதீர்கள். ‘சிலுவை’ என்பது பொருள். ‘நெற்றியில் அழுத்துகிறார்’ என்பது சைகை. சிலுவை என்று மட்டும் எழுதினால் அது மதக் கணக்கில் போய்விடும். நெற்றியில் அழுத்தித் தோல் கருகுகிறதா என்று பார்க்கிறார் என்று எழுதும்போதுதான், அது நோய் கண்டறியும் சோதனை என்று உறைக்கும்.

படி 3: ஒரு காட்சியைக் கைவிரல் அளவில் பாருங்கள்

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் உயிரூட்டும் காட்சியை எடுத்துக்கொள்வோம். மேசைமேல் உடல், தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணி. பாதி ஆபரேஷன் துணி, பாதி சவத்துணி. ஹென்றி முதுகுப் பக்கம் கட்டிய மருத்துவக் கவுனில் இருக்கிறான். வேண்டாத விருந்தாளிகளாக வந்தவர்களை உட்காரச் சொல்கிறான். அவர்கள் வரிசையாக அமர்ந்து பார்க்கிறார்கள். இந்த நொடியில் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சபை கிடைத்துவிட்டது. அடுத்து, சங்கிலிகள் மேசையை மேலே தூக்குகின்றன. கூரைத் திறப்பு வழியாக மின்னலுக்கு நேரே. கீழே நிற்கும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மேசை இறங்கியதும் துணிக்கு வெளியே கிடக்கும் கை மெல்ல அசைகிறது.

கத்தோலிக்கப் பூசை தெரிந்தவர்களுக்கு இந்த அசைவு புதிதாக இருக்காது. குரு அப்பத்தைத் தலைக்கு மேல் உயர்த்துவார், மணி அடிக்கும், மக்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு இறக்கி வைப்பார். அதற்குள் அது வேறொன்றாக மாறியிருக்கும். இயக்குநர் ஜேம்ஸ் வேல் அதைத்தான் மனதில் வைத்து எடுத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்றுதல், மாறுதல், இறக்குதல் என்ற வரிசை திரையில் இருக்கிறது. அதைச் சொன்னால் போதும்.

இதற்குச் சற்றுப் பின்னால் வரும் இன்னொரு காட்சியையும் அதே பக்கத்தில் குறியுங்கள். இருட்டறையில் வைத்திருந்த உயிர் முதன்முதலாக வெளியே வருகிறது. ஹென்றி கூரைக் கதவைத் திறக்கிறான். மேலிருந்து ஒளி விழ, அது இரண்டு கைகளையும் நீட்டி ஒளியைத் தொடப் பார்க்கிறது. கதவு மூடப்படுகிறது. கை அப்படியே நிற்கிறது. படைத்தவனிடம் வேண்டுவதும் அந்தக் கைதான், மருத்துவர் முன்னால் நிற்கும் நோயாளியின் கையும் அதுதான்.

படத்தின் முதல் காட்சி கல்லறைத் தோட்டம். அடக்கச் சடங்கு நடக்கிறது, மணி ஒலிக்கிறது, சாவின் சிலை நிற்கிறது. சவத்தைத் தோண்டும்போது ஹென்றி வீசும் மண் அந்தச் சிலையின் முகத்திலேயே விழும். அடுத்து வருவது மருத்துவக் கல்லூரி வகுப்பறை; மேசைமேல் இரண்டு மூளைகள். கல்லறை, வகுப்பறை, ஆய்வுக்கூடம் என்று மூன்று இடங்களிலும் நடுவில் ஒரு உடலோ உடலின் பகுதியோ, சுற்றிலும் பார்வையாளர்கள். மூன்று இடத்திலும் கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் படத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

படி 4: மேசைக்குப் பின்னால் உள்ள சட்டம்

உடலை அறுப்பது ஏன் இவ்வளவு பாவம்போலக் காட்டப்படுகிறது? இங்கிலாந்தில் 1752-ல் வந்த கொலைச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலைகாரரின் உடலை அப்படியே புதைக்கக் கூடாது, அறுக்கக் கொடுக்க வேண்டும் என்றது. அறுப்பதே தண்டனையின் ஒரு பகுதி. இறுதிநாளில் உடலோடு எழுவோம் என்று நம்பிய மக்களுக்கு அது சாவைவிடப் பெரிய தண்டனை. கல்லூரிகளுக்கு அந்த உடல்கள் போதவில்லை. கல்லறைத் திருட்டு பெருகியது. 1828-ல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் ஆட்களைக் கொன்றே உடல் விற்றது வெளியே வந்தது. 1832-ன் உடற்கூற்றுச் சட்டம் ஆதரவற்ற ஏழைகளின் உடல்களைக் கல்லூரிகளுக்குத் திருப்பிவிட்டது.

மின்சாரத்துக்கும் இப்படியொரு முன்கதை உண்டு. 1803-ல் லண்டனில் ஜொவான்னி ஆல்தினி என்ற இத்தாலிய விஞ்ஞானி, தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சித் தசைகளைத் துடிக்கவைத்துக் காட்டினார். தூக்குமரத்திலிருந்து இறக்கிய உடலைப் பார்த்து ‘கழுத்து முறிந்துவிட்டது, மூளை பயன்படாது’ என்று ஹென்றி அலுத்துக்கொள்ளும்போது, இந்த வரலாறு முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

மின்கருவிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மேரி ஷெல்லியின் 1818 நாவலில் உயிரூட்டும் முறை கிட்டத்தட்டச் சொல்லப்படவே இல்லை. பொறி பறக்கும் அந்தக் கருவிகள் கென்னத் ஸ்டிரிக்ஃபேடன் என்ற மின்கலைஞரின் கைவேலை. அதே கருவிகள் 1974-ல் ‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ நகைச்சுவைப் படத்திலும் வந்தன. அவற்றில் உண்மையான மருத்துவம் தேட வேண்டாம். மருத்துவம் இருப்பது ஒப்பனையில். மண்டையோட்டை மேலே நேராக அறுத்து மூடியைப் போலத் திறந்து மூளையை வைத்திருப்பார் ஒரு அறுவை மருத்துவர் என்று யோசித்துத்தான் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் அந்தத் தட்டைத் தலையை வடிவமைத்தார். கழுத்தில் துருத்துவது மின்முனைகள். பலர் சொல்வது போலத் தலையை இணைக்கும் போல்ட் கிடையாது.

படி 5: தணிக்கை எங்கே கைவைத்தது

ஹாலிவுட்டின் தயாரிப்பு நெறிமுறை 1930-ல் எழுதப்பட்டு, ஜூலை 1934 முதல் ஜோசப் ப்ரீன் தலைமையில் கறாராக நடைமுறைக்கு வந்தது. அதில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் படியுங்கள். மதம் பற்றிய பிரிவு, குருமாரைக் கேலிக்கும் வில்லத்தனத்துக்கும் பயன்படுத்தக் கூடாது, எந்த மதத்தின் சடங்கையும் கவனமாகக் கையாள வேண்டும் என்கிறது. அருவருப்பூட்டும் விஷயங்கள் என்ற பிரிவு தூக்கு, சித்திரவதை முதலியவற்றோடு அறுவை சிகிச்சையையும் சேர்க்கிறது. ஆக, பூசையையும் நேராகக் காட்ட முடியாது, ஆபரேஷனையும் நேராகக் காட்ட முடியாது. நேராகக் காட்ட முடியாத இரண்டு விஷயங்கள் ஒன்றன் உடையை மற்றொன்று போட்டுக்கொண்டு உள்ளே வந்தன. எங்கள் கணிப்பில், 1934-க்குப் பிந்தைய அமெரிக்கத் திகில் படங்களின் அடையாளமே இதுதான்.

‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ இதற்குக் கச்சிதமான சான்று. கும்பல் அந்த உயிரைக் கம்பத்தில் கட்டி நிமிர்த்தும்போது திரையில் தெரிவது சிலுவைப்பாடு. கதைப்படி அது வெறும் கைது. கல்லறைத் தோட்டத்தில் அது ஒரு ஆயரின் சிலையைக் குப்புறத் தள்ளுகிறது. உயிருள்ள குரு யாரும் அவமதிக்கப்படவில்லை. ஹென்றியின் பழைய பேராசிரியர் டாக்டர் பிரிட்டோரியஸ் நிலத்தடிக் கல்லறையில், சவப்பெட்டி மேல் விரித்து இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறார். அது ஒரு பீடம்போலவே இருக்கிறது. அந்த உயிருக்குத் துணையாக ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மணமகளின் கட்டுகள் அவிழ்ந்து அவள் எழுந்து நிற்கும்போது ஃபிரான்ஸ் வாக்ஸ்மனின் இசையில் கல்யாண மணி ஒலிக்கிறது. மருத்துவமனைக் கட்டுத்துணியே மணஉடை.

பிரிட்டனின் கவலை வேறு மாதிரி. ‘ஐலண்ட் ஆஃப் லாஸ்ட் சோல்ஸ்’ (1932) அங்கே 1958 வரை அனுமதி பெறவில்லை. விலங்குகளை மயக்கமருந்தின்றி அறுத்து மனிதராக்கும் மருத்துவர், ‘சட்டம் என்ன?’ என்று கேட்டதும் கூட்டமாகப் பதில் சொல்லும் மிருக மனிதர்கள் என்று, அறுவை மேசையும் கட்டளைகளும் அந்தப் படத்தில் ஒரே கையில் இருக்கும்.

படி 6: சிலுவை என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள்

சிலுவை திரையில் தெரிந்ததும் மூன்று கேள்விகள். அது ஆயுதமா, சோதனைக் கருவியா, சும்மா சாட்சியா?

‘நோஸ்ஃபெராட்டு’வில் அது ஆயுதமே இல்லை. அங்கே முக்கியமான சிலுவை சாக்குக்கட்டியால் போட்டது. கொள்ளைநோய் வந்த வீடுகளின் கதவில் ஒரு அதிகாரி குறி போட்டுக்கொண்டே போவார். நகரசபை அறிவிப்பு, அடைத்த சன்னல்கள், தெருவில் வரிசையாகப் போகும் சவப்பெட்டிகள் எல்லாம் சுகாதாரத் துறையின் காட்சிகள். 1918-ன் இன்ஃபுளுயன்சா நினைவு காயாத ஜெர்மனியில் அந்தச் சாக்குக்கோடு எப்படித் தைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். படத்தின் பேராசிரியர் மாணவருக்குப் பூச்சி தின்னும் செடியைக் காட்டிப் பாடம் நடத்துவார். கடைசிவரை எதற்கும் உதவ மாட்டார்.

ஹேமர் ‘டிராகுலா’வில் பீட்டர் குஷிங் நடித்த வான் ஹெல்சிங் ஒரு மருத்துவர், ரத்தக்காட்டேரிக்கு அடிமையாவதைப் போதைப் பழக்கத்தோடு ஒப்பிட்டு ஒலிப்பதிவுக் கருவியில் குறிப்பு சொல்பவர். அவர் கையில் சிலுவை பெரும்பாலும் சோதனைக் கருவிதான். டிராகுலாவிடம் கடிபட்ட லூசியின் நெற்றியில் வைத்தால் தழும்பு. அடுத்துக் கடிபட்ட மீனாவின் உள்ளங்கையில் பட்டதும் கருகல். தழும்பு வந்தால் தொற்று உறுதி. மீனாவுக்குக் கணவரின் ரத்தத்தை நேராக ஏற்றுகிறார், இது சிகிச்சை. முடிவில் திரைச்சீலையைக் கிழித்து வெயிலை உள்ளே விட்டு, இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடிக்கிறார். மந்திரித்த பொருள் எதுவும் இல்லை. வடிவம் போதுமாக இருக்கிறது. இது ஏறக்குறைய மருந்தியல் தர்க்கம். பக்தி தேடுபவருக்கு ஏமாற்றம்தான்.

சாட்சி நிற்கும் சிலுவைக்கு ‘பிரைட்’ படத்தின் பார்வையற்ற துறவி காட்சி. அப்பமும் ரசமும் பகிர்கிறார்கள், ‘ஆவே மரியா’ ஒலிக்கிறது, தனக்கு ஒரு நண்பனைக் கொடுத்ததற்காகத் துறவி கண்ணீரோடு நன்றி சொல்கிறார். சட்டகம் இருளும்போது சுவரில் உள்ள பாடுபட்ட சுரூபம் மட்டும் கடைசிவரை ஒளிர்ந்துவிட்டு மறைகிறது. இந்தக் காட்சியைக் கிண்டலா பக்தியா என்று விமர்சகர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். குறிப்பேட்டில் இங்கே ‘மருத்துவம்’ என்றும் எழுதுங்கள். காயத்தைத் தொட்டுப் பார்த்து, உணவு கொடுத்து, பேசக் கற்றுக்கொடுப்பவர் இந்தத் துறவி. உருவாக்கிய மருத்துவர் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

படி 7: ஆபரேஷன் காட்சியைப் பார்க்கும் முறை

ஜார்ஜ் ஃபிரான்ஜுவின் ‘ஐஸ் வித்தவுட் எ ஃபேஸ்’ படத்தில் ஒரு அறுவை மருத்துவர், விபத்தில் முகம் சிதைந்த மகளுக்கு வேறு பெண்களின் முகத்தோலை எடுத்து ஒட்டப் பார்க்கிறார். அறுவைக் காட்சியின் வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். முதலில் பென்சில்: முகத்தைச் சுற்றியும் கண்களைச் சுற்றியும் கோடு. பிறகு அந்தக் கோட்டின் மேலேயே ஸ்கால்பெல் நிதானமாக நகர்கிறது. பின்னால் மெல்லிய ரத்தக்கோடு. உதவியாளர் மருத்துவரின் நெற்றி வியர்வையைத் துடைக்கிறார். கிளிப்புகள் வரிசையாக மாட்டப்படுகின்றன. கடைசியில் தோல் ஒரே துண்டாக மேலே எழுகிறது. பின்னணி இசை இல்லை. அலறல் இல்லை. ரத்தத்தின் அளவும் குறைவு.

பயம் எங்கிருந்து வருகிறது? வேலை ஒழுங்காக நடப்பதிலிருந்து. நடுங்காத கை, சரியான வரிசை, சுத்தமான ட்ரே. ஒரு சடங்கைப் போல எதுவும் விடுபடுவதில்லை. இந்தக் காட்சியை எழுதும்போது ‘கொடூரம்’ என்ற சொல்லைத் தவிர்த்துப் பாருங்கள். வரிசையைச் சொன்னாலே போதும்.

ஒட்டிய தோல் பின்னால் அழுகுவதைப் படம் அசையாப் புகைப்படங்களாகக் காட்டுகிறது. மருத்துவரின் குரல் நாள் குறித்துக்கொண்டே போகிறது. மருத்துவமனைக் கோப்பின் மொழி அது. அடுத்தவர் தோலை உடல் ஏன் நிராகரிக்கிறது என்ற ஆராய்ச்சிக்காகப் பீட்டர் மெடாவர் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டது படம் வெளியான அதே 1960-ல். உலகின் முதல் பகுதி முகமாற்று சிகிச்சை 2005-ல் பிரான்சிலேயே நடந்தது. மதத்தை இந்தப் படத்தில் பொருள்களில் தேடினால் அதிகம் கிடைக்காது. மகளின் வெள்ளை முகமூடியில் தேடுங்கள். முடிவில் புறாக்கள் சுற்றிப் பறக்க அவள் இருட்டுக்குள் நடந்துபோகும் விதத்தில் தேடுங்கள். பலிபீடத்திலிருந்து இறங்கி வந்த சுரூபம் ஒன்று நடப்பது போலவே இருக்கும்.

படி 8: இடமாற்றத்தைக் கணக்கெடுங்கள்

‘தி எக்ஸார்சிஸ்ட்’ வெளிவந்தபோது பார்வையாளர்களை அதிகம் துன்புறுத்தியது பச்சை வாந்தி என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் கழுத்து ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் சோதனை) காட்சிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் ஏராளம். கழுத்தில் மருந்து தடவுகிறார்கள், ஊசி நேராகக் கழுத்துத் தமனியில் இறங்குகிறது, ரத்தம் துடிப்புக்கேற்பப் பீறிடுகிறது, குழாய் மாட்டியதும் எக்ஸ்ரே இயந்திரம் டமார் டமார் என்று அடிக்கத் தொடங்குகிறது. இதில் மிகை எதுவும் இல்லை. போர்த்துகீசிய மருத்துவர் எகஸ் மோனிஸ் 1927-ல் தொடங்கிய மூளை ஆஞ்சியோகிராம் அந்தக் காலத்தில் இப்படித்தான் செய்யப்பட்டது. 1971-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று, சில ஆண்டுகளில் அது எங்கும் பரவி, இந்த ஊசியின் தேவையை வெகுவாகக் குறைத்துவிட்டது. வழக்கொழியப் போகும் ஒரு சோதனைமுறையை அதன் கடைசிக் காலத்தில் படம் பிடித்து வைத்திருக்கிறது.

இனி குறிப்பேட்டின் ‘யார் கை’ பத்தியைப் பாருங்கள். பேயோட்டலாம் என்று முதலில் யோசனை சொல்வது மருத்துவர்கள்; நம்பிக்கையால் வந்த நோய் நம்பிக்கையால் போகலாம் என்ற கணக்கில். சந்தேகப்படுவது குருவானவர். ஃபாதர் காரஸ் ஒரு மனநல மருத்துவரும்கூட. தீர்த்தம் என்று சொல்லி அவர் தெளிப்பது குழாய்த் தண்ணீர். சிறுமி துடிக்கிறாள். மருந்தில்லா மாத்திரை கொடுத்துப் பார்க்கும் அதே முறை. பேச்சை டேப்பில் பதிவு செய்து பின்னோக்கி ஓட்டிக் கேட்கிறார். பிறகு பேயோட்ட வரும் மூத்த குரு ஃபாதர் மெரின் வந்ததும் ஒரு அங்கி, இரண்டு மேலங்கி, ஊதா நிறத் தோள்துணி, தீர்த்தம், சடங்கு நூல் என்று வரிசையாகக் கேட்கிறார். ஆபரேஷனுக்கு முன் ட்ரேயில் என்னென்ன வேண்டும் என்று கேட்கும் சர்ஜனின் தொனி அது. சடங்கில் தீர்த்தம் பட்ட இடத்தில் தோல் கீறுகிறது. மருத்துவமனையில் ஊசி செய்ததை இங்கே தண்ணீர் செய்கிறது.

படுக்கையறையைக் குளிரூட்டியே எடுத்தார்கள், மூச்சு ஆவியாகத் தெரிய வேண்டும் என்று. மருத்துவமனைக் காட்சிகளில் மூச்சு தெரியாது. அந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே எந்த அறை யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்று வரைபடம் போட்டுவிடலாம்.

இந்த இடமாற்றத்தின் மூலவடிவம் ‘ஹேக்ஸன்’. பெஞ்சமின் கிறிஸ்டென்சன் எழுதி இயக்கி, சாத்தானாக அவரே நடித்தார். சூனியக்காரி என்று பிடிபட்டவர் உடலில் வலி உணராத இடம் இருக்கிறதா என்று விசாரணைக்காரர் தேடுகிறார். இருந்தால் அது சாத்தான் தொட்ட இடம். கடைசி அத்தியாயத்தில் 1920களின் மருத்துவர் ஒரு பெண்ணின் முதுகில் அதே சோதனையைச் செய்கிறார். உணர்ச்சி இல்லையென்றால் ஹிஸ்டீரியா. இரண்டு நிலைப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். முதுகு ஒன்றே, கை ஒன்றே, பெயர் மட்டும் வேறு.

படி 9: படத்தை மூடிவிட்டுக் கேளுங்கள்

ஒவ்வொரு முக்கியக் காட்சியையும் ஒரு தடவை ஒலியில்லாமல், ஒரு தடவை படமில்லாமல். ரூபன் மமூலியனின் ‘டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ (1931) இதற்கு நல்ல பாடம். பாஹ்வின் ஆர்கன் இசையோடு படம் தொடங்கும். கோயில் வாத்தியத்தை வாசிப்பது மருத்துவர் ஜெக்கிலின் கைகள். உருமாற்றக் காட்சியில் கேட்கும் இதயத்துடிப்பு இயக்குநரின் சொந்தத் துடிப்பு. படிக்கட்டில் ஓடிவிட்டுப் பதிவு செய்தது. அதே காட்சியில் முகம் வெட்டில்லாமல் கறுப்பதன் ரகசியம் நிறவடிகட்டி. வண்ண ஒப்பனையை அதே நிற வடிகட்டி மறைக்கும். வடிகட்டியை மாற்றினால் கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெளியே வரும்.

அடிக்கடி நேரும் பிழைகள்

தலைகீழ்ச் சிலுவை என்றாலே சாத்தான் என்று எழுதிவிடுவது. கத்தோலிக்க மரபில் அது புனித பேதுருவின் சிலுவை. 2000-ல் இரண்டாம் யோவான் பவுல் இஸ்ரேலில் அமர்ந்த நாற்காலியிலேயே அது பொறிக்கப்பட்டிருந்தது. ‘ரோஸ்மேரீஸ் பேபி’ (1968) தொட்டிலில் தொங்குவது இயேசுவின் உருவத்தோடு கூடிய சுரூபம். அது தலைகீழானால் அர்த்தம் வேறு. உருவம் உண்டா இல்லையா என்று பார்த்து எழுதுங்கள்.

லத்தீன் என்றதும் மயங்குவது இன்னொரு பிழை. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ குடுவையில் உள்ள ‘டிஸ்ஃபங்க்டியோ செரிப்ரி’ படத்துக்காகச் செய்த லத்தீன். ஆனால் குற்றவாளியின் மூளை பிறப்பிலேயே வேறு என்று வகுப்பில் சொல்லப்படுவது, இத்தாலியக் குற்றவியலாளர் லொம்பிரோசோ பரப்பிய, அன்று பலர் உண்மையென நம்பிய கருத்து.

ஒவ்வொரு வெள்ளை உடையிலும் ஒரு குறியீடு காண்பதும் வேண்டாம். செவிலியர் வெள்ளை உடுத்தியிருப்பது அவர் செவிலியர் என்பதால்கூட இருக்கலாம். ஒரு பொருளோ சைகையோ படத்தில் இரண்டு தடவையாவது வர வேண்டும், இரண்டாம் தடவை வேறு ஒருவர் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைக்கும் உட்படாததைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

எழுத உட்காரும்போது

ஒரு படத்துக்கு மூன்று காட்சிகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் முதலில் திரையில் நடப்பதை 100 சொற்களில், விளக்கம் கலக்காமல் எழுதுங்கள். அடுத்து அந்தக் காலத்து மருத்துவமோ சடங்கோ என்ன என்று 50 சொற்கள். அதன்பிறகே உங்கள் கருத்து. வரிசையை மாற்றினால் கருத்துக்கு ஏற்றபடி காட்சி வளைந்துகொடுக்கத் தொடங்கும். நினைவிலிருந்து எழுதுபவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும்.

ஏழு படங்களும் முடிந்தபின் சோதனைத் தேர்வாக ‘ரோஸ்மேரீஸ் பேபி’யை வைத்துக்கொள்ளலாம். கருவுற்ற ரோஸ்மேரியிடம் மகப்பேறு மருத்துவர் சேபர்ஸ்டீன் தினமும் ஒரு மூலிகைச் சாறு குடிக்கச் சொல்வார், புத்தகம் படிக்காதே என்பார், வலி தானே போய்விடும் என்பார். அவருடைய காத்திருப்பு அறையில் ரோஸ்மேரி கையில் எடுக்கும் இதழ் 8 ஏப்ரல் 1966 தேதியிட்ட ‘டைம்’. அட்டையில் ‘கடவுள் இறந்துவிட்டாரா?’ என்ற கேள்வி. அவள் தப்பி ஓடி நம்பும் டாக்டர் ஹில்லும் அவளைச் சேபர்ஸ்டீனிடமே ஒப்படைப்பார். இந்தப் படத்தில் பிரார்த்தனைக் கூட்டம் எது, மருத்துவ ஆலோசனை எது என்று ஐந்து பத்திகளிலும் நிரப்பிப் பாருங்கள். ‘யார் கை’ பத்தியில் ஒரே பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால், எந்த மூன்று காட்சிகளை எடுத்து எழுதுவது என்பது தெரிந்துவிடும்.